ஓர் ஆள், ஓர் இருக்கை: மார்கனா, கார்டெனா, ஏ.வி.யா?

டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் கதவு கதவாக அலைந்ததைப் பார்த்து, ஏதோ தச்சு வேலை வரப்போகிறது என்று வீட்டில் பயந்துவிட்டார்கள். விஷயம் வேறு. நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் இங்கிலாந்துக் கார் எந்தக் கதவு வழியாக உள்ளே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் தாராளமாக வரும். படுக்கையறையிலும் வரும். குளியலறையில்தான் இழுபறி: நிலைக்கு வெளிப்புறம் இரண்டரை அடி, உள்ளே அதைவிட இரண்டு விரற்கடை குறைவு. காரின் அகலமும் அதே இரண்டரை அடிதான். கொஞ்சம் சுரண்டினால் போய்விடும்.

அந்தக் காரின் பெயர் ஏ.வி. மோனோகார். லண்டனுக்குத் தென்மேற்கே தேம்ஸ் ஆற்றை ஒட்டிய டெடிங்டனில் 1919 முதல் 1924 வரை செய்தார்கள். ஓட்டுகிறவர் மட்டும் உட்காரலாம். பக்கத்திலும் இடம் கிடையாது, பின்னாலும் கிடையாது.

யாரோ ஒரு கிறுக்கர் தனக்காகச் செய்துகொண்ட பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். 1910 தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஒற்றை இருக்கைக் கார் என்பது இங்கிலாந்தில் காசு கொடுத்து வாங்கக்கூடிய சரக்கு. அதில் முக்கியமான மூன்றை இங்கே எதிரெதிரே நிறுத்திப் பார்க்கலாம்: 1910-இன் மார்கன், 1914-இன் கார்டென், 1919-இன் ஏ.வி. மூன்றாவது இரண்டாவதின் வாரிசு. அதனால் இதை மும்முனைப் போட்டி என்று சொல்ல முடியாது, கொஞ்சம் பங்காளிச் சண்டையும் கலந்திருக்கிறது.

சந்தில் புகுந்த வண்டி

முதலில் அந்தக் காலத்து நிலைமை. கார் என்றால் பணக்காரர் சமாச்சாரம். சம்பளக்காரருக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது. கல்யாணம் ஆனதும் அதன் இடுப்பில் ஒரு சைட்கார் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருப்பது 1910 வாக்கில் ஒரே நேரத்தில் பல பேர் கண்ணில் பட்டது. பாரிஸில் ராபர் பூர்போவும் ஆன்ரி தெவோவும் பெடெலியா என்று ஒரு வண்டி செய்தார்கள். லண்டன் ஹெண்டனில் காட்ஃப்ரேயும் ஃப்ரேசர்-நாஷும் தங்கள் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஜி.என். என்று ஆரம்பித்தார்கள். மோட்டார் சைக்கிள் இன்ஜின், சைக்கிள் மாதிரி சக்கரம், செயினோ பெல்ட்டோ, மேலே லேசான ஒரு கூடு. இதுதான் சைக்கிள்கார்.

மோகம் ஏறிய வேகத்துக்கு ஒரு சான்று: 1912 நவம்பரில் இதற்கென்றே லண்டனில் ஒரு வாரப் பத்திரிகை வந்துவிட்டது. அடுத்த மாதமே மோட்டார் சைக்கிள் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு உட்கார்ந்து இலக்கணம் வகுத்தது. பெரிய வகை 350 கிலோவுக்குள், 1100 சி.சி.க்குள். சிறிய வகை 300 கிலோவுக்குள், 750 சி.சி.க்குள். இரண்டிலும் கிளட்சும், மாற்றக்கூடிய கியரும் கட்டாயம். கியர் இருக்க வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்னென்ன ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மார்கன்: பாதிரியார் மகனின் மூன்று சக்கரம்

எச்.எஃப்.எஸ். மார்கன், ஹெரஃபோர்ட்ஷையரில் ஒரு பாதிரியாரின் மகன். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் ஸ்விண்டன் பட்டறையில் தொழில் பழகியவர். பிறகு மால்வர்ன் லிங்க் என்ற ஊரில் கராஜ் வைத்தார், கார் ஏஜென்சி எடுத்தார், பஸ்கூட ஓட்டிப் பார்த்தார். ஒரு மோட்டார் சைக்கிள் செய்யலாம் என்று 7 குதிரைத்திறன் பியூஜோ வி-ட்வின் (வி எழுத்து வடிவில் இரண்டு சிலிண்டர்) இன்ஜின் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அப்புறம் மனசு மாறி, 1909-இல் அதை மூன்று சக்கர வண்டியில் பூட்டினார். மால்வர்ன் கல்லூரியில் இன்ஜினியரிங் சொல்லிக்கொடுத்த ஸ்டீஃபன்சன்-பீச் அவருக்குக் கை கொடுத்தார். அப்போதைக்கு அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. பார்த்தவர்கள் எல்லாம் விசாரிக்க ஆரம்பித்ததும்தான் வியாபார யோசனை வந்தது. முதலீடு, அப்பா கொடுத்த பணம்.

1910 நவம்பரில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் இரண்டு வண்டிகளை நிறுத்தினார். இரண்டுமே ஒற்றை இருக்கை. ஒன்றில் ஜே.ஏ.பி. ஒற்றை சிலிண்டர், மற்றதில் ஜே.ஏ.பி. வி-ட்வின். லண்டன் டாட்டன்ஹாமில் ஜான் ஆல்ஃபிரெட் பிரெஸ்ட்விச் செய்த இன்ஜின்கள் அவை. இந்தப் பெயர் இந்தக் கதை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். போட்டி போட்டவர்கள் எல்லாருமே ஒரே கடையில்தான் இன்ஜின் வாங்கினார்கள்.

வண்டியின் அமைப்பு இன்றைக்குப் பார்த்தாலும் அழகு. குழாய்களால் ஆன சட்டம். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. இன்ஜின் முன்மூக்கில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கும். நடுக்குழாய்க்குள் ஓடும் தண்டு பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள ஒரு பல்சக்கரப் பெட்டியில் முடியும். அங்கிருந்து சக்கரத்துக்கு இரண்டு செயின், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டுக்கும் பல்கணக்கு வேறு. எந்தச் செயின் இழுக்கிறதோ அதுதான் கியர். இதைவிட எளிமையாக இரண்டு வேகம் கொடுக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ரிவர்ஸ் கிடையாது. சந்தில் மாட்டிக்கொண்டால் இறங்கி, வாலைத் தூக்கித் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். தூக்கக்கூடிய எடைதான் என்பதால் யாரும் பெரிதாகக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

முன்சக்கரம் ஒவ்வொன்றும் செங்குத்தான ஒரு தூணில் ஸ்பிரிங் மேல் தனித்தனியாக ஏறி இறங்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதுக்குச் சேதி போகாது. 1910-இல் பெரிய கார்களிலேயே இது அபூர்வம். இதே தூண் அமைப்பை மார்கன் கம்பெனி இந்த நூற்றாண்டு வரை விடாமல் வைத்திருந்தது. அதை உறுதி என்றும் சொல்லலாம், பிடிவாதம் என்றும் சொல்லலாம்.

சரி, விற்றதா? கண்காட்சியில் கூட்டம் கூடியது. ஆர்டர் முப்பதை ஒட்டித்தான் வந்தது. அந்த வருடக் கடைசியில் லண்டன்–எக்ஸ்டர் நீண்ட தூர ஓட்டத்தில் மார்கனே ஓட்டித் தங்கப் பதக்கம் வாங்கினார். வண்டி ஓடும் என்பதில் அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் வாங்க வந்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றேதான்: இன்னொருவர் எங்கே உட்காருவது?

மார்கன் வாதாடவில்லை. 1911-இல் பக்கத்தில் ஓர் இருக்கை சேர்த்தார், திருப்புவதற்கு வைத்திருந்த நீள்கம்பியை எடுத்துவிட்டு வட்ட ஸ்டியரிங் போட்டார். லண்டனின் ஹாரட்ஸ் கடை அதைத் தன் கண்ணாடி ஜன்னலில் வைத்து விற்க முன்வந்தது. ஆர்டர் குவிந்தது. பெரிய கம்பெனிகளிடம் போய் நீங்கள் செய்து தாருங்கள் என்று கேட்டார், அவர்கள் கைவிரித்தார்கள். வாடிக்கையாளர் கட்டிய முன்பணத்தை வைத்துத் தானே பட்டறையை விரித்தார். கைவிரித்தவர்களுக்கு இன்றைக்கும் மார்கன் குடும்பம் நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு வேடிக்கை. விற்பனையில் தோற்ற அதே ஒற்றை இருக்கை, பந்தயத்தில் ஜெயித்தது. 1912 நவம்பரில் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் மார்கன் ஒற்றை இருக்கை வண்டியில் ஒரு மணி நேரத்தில் 60 மைலுக்குக் கொஞ்சமே குறைவாக ஓட்டி, அந்த சைக்கிள்கார் பத்திரிகை வைத்த கோப்பையைத் தட்டிக்கொண்டு போனார். அந்த நாள் புகைப்படத்தில் பாதிரியார் அப்பா உயரமான பட்டுத் தொப்பியும் நீளக் கோட்டுமாக வண்டி பக்கத்தில் நிற்கிறார். மகன் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கையில். போட்ட பணம் வீண் போகவில்லை என்ற திருப்தி அந்தத் தொப்பியிலேயே தெரிகிறது.

கார்டென்: செய்வார், விற்பார், நகர்வார்

ஜான் வாலண்டைன் கார்டென் 1892-இல் பிறந்தவர். மார்கனைவிடப் பதினோரு வயது இளையவர். அவரும் முதலில் தனக்காகத்தான் ஒரு வண்டி செய்துகொண்டார். 1914-இல் சர்ரே மாவட்டம் ஃபார்னமில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார், பிறகு டெடிங்டனுக்கு மாறினார்.

மார்கனிலிருந்து கார்டெனுக்கு வரும்போது வண்டி அப்படியே தலைகீழாகிறது. சக்கரம் நான்கு. இன்ஜின், முதுகுக்குப் பின்னால். 4 குதிரைத்திறன் ஜே.ஏ.பி. ஒற்றை சிலிண்டர், செயின் வழியாகப் பின் அச்சைச் சுற்றும். முன்னால் மட்டும் மார்கன் பாணியிலேயே தூண் ஸ்பிரிங். பார்த்துச் செய்தாரா, தானாக அங்கே வந்து சேர்ந்தாரா என்பதில் நான் பஞ்சாயத்து செய்யப் போவதில்லை.

நாலு சக்கரம் வைத்தும் வண்டியை ஏன் இவ்வளவு குறுகலாகச் செய்தார்கள்? ஓர் ஆளுக்கு அவ்வளவு போதும் என்பது பாதிப் பதில். மீதிப் பதில் பின் அச்சில் இருக்கிறது. கார் வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்குத்தான் டிஃபரென்ஷியல். அது எடை, அது செலவு. சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி குறைந்தால் அந்த வித்தியாசமும் குறையும், ஒரே கட்டை அச்சில் இரண்டையும் பூட்டிவிட்டு டயர் கொஞ்சம் தேயட்டும் என்று விட்டுவிடலாம். ஜி.என். வண்டிகள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டே இந்த வித்தையைச் செய்தன. மார்கனுக்கு இந்தத் தலைவலியே இல்லை, பின்னால் ஒரே சக்கரம்.

கார்டென் வண்டி சூடு பிடிப்பதற்குள் போர் வந்துவிட்டது. கார்டென் ராணுவப் போக்குவரத்துப் படையில் சேர்ந்து கேப்டன் ஆனார். அங்கே பீரங்கி இழுக்க வந்த ஹோல்ட் டிராக்டர்களைக் கண்டார். சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலிப் பட்டையில் ஊர்ந்தவை அவை. அந்தப் பட்டையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்ததும் அவர் செய்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒற்றை இருக்கை வண்டியின் வடிவமைப்பை 1919-இல் வார்ட் அண்ட் ஏவி என்ற நிறுவனத்துக்கு விற்றார். ஆஸ்காட்டில் புதுப் பட்டறை போட்டு முன்பின்னாக இரண்டு பேர் உட்காரும் இன்னொரு வண்டி வரைந்தார். அதே வருடம் நவம்பரில் எட்வர்ட் டாம்ப்ளின் என்ற மோட்டார் வியாபாரிக்கு அதையும் விற்றார். அடுத்து, சொந்தமாக 707 சி.சி. இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் செய்து, அதை நேராகப் பின் அச்சோடு இணைத்து, மூன்றாவது வண்டி. சந்தையிலேயே மலிவான கார்களில் அதுவும் ஒன்று. பிறகு அதுவும் வில்ஸ்டனில் இருந்த ஆர்னட் அண்ட் ஹாரிசனுக்குப் போனது. 1925 வாக்கில் கதை முடிந்தது.

மார்கன் ஒரே ஊரில் ஒரே வண்டியைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். கார்டெனுக்கு வரைபடம் முடிந்ததும் ஆர்வமும் முடிந்துவிடும் போல. யார் கெட்டிக்காரர் என்று கேட்டால் கார்டெனைத்தான் சொல்வேன். ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டு யாரிடம் போவது என்று பார்த்தால், சந்தேகமே இல்லாமல் மார்கன்.

ஏ.வி.: நினைத்ததை விட்டுக்கொடுக்காத வாரிசு

வார்ட் அண்ட் ஏவி டெடிங்டனில் இருந்தபடியே கார்டெனின் ஒற்றை இருக்கையைத் தொடர்ந்தார்கள். வாய்ப்பான நேரம். படையிலிருந்து கையில் கொஞ்சம் காசோடு திரும்பிய இளைஞர்கள், கார் கம்பெனிகளில் நீளமான காத்திருப்புப் பட்டியல், உருளக்கூடிய எதுவும் விற்ற காலம். ஏ.வி. சில நூறு வண்டிகள் விற்றது. சைக்கிள்கார் உலகத்தில் அது நல்ல எண்ணிக்கை. முளைத்தவற்றில் பாதி, பத்துக்கூட விற்காமல் மடிந்தவை.

கூடு மரச்சட்டத்தின் மேல். பிளைவுட், மஹோகனி, அழுத்திய காகிதம் என்று கிடைத்ததையெல்லாம் போர்த்தினார்கள். காகிதக் காரா என்று சிரிக்க வேண்டாம், எடை குறைந்தால்தான் சின்ன இன்ஜின் இழுக்கும். இன்ஜின் பின்னால், பெரும்பாலும் ஜே.ஏ.பி. வி-ட்வின். இரண்டு வேக எபிசைக்ளிக் கியர் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றி மற்றவை சுழலும் வகை), செயின். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தண்டின் அடியில் உள்ள உருளையில் இரும்புக் கயிறு ஒரு பக்கம் சுற்றி மறுபக்கம் அவிழும். அந்த இழுப்பில் முன்சக்கரம் திரும்பும். கிணற்று ராட்டினத்தை மனதில் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். புதுக் கயிறு இருக்கும்வரை துல்லியம். கயிறு தளர்ந்தால் ஸ்டியரிங் சொல்வதைச் சக்கரம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கேட்கும்.

ஓட்டிப் பார்த்தால்

மூன்றையும் ஓட்டிப் பார்க்கும் கொடுப்பினை எனக்கு இல்லை. அமைப்பை வைத்து அனுபவத்தைக் கணிக்கலாம்.

மார்கனில் எல்லாம் முகத்துக்கு முன்னால் நடக்கிறது. இன்ஜின் சூடு, சத்தம், தெறிக்கும் எண்ணெய், மூன்றும் காற்றோடு சேர்ந்து ஓட்டுகிறவரை நோக்கித்தான் வரும். பதிலுக்கு இன்ஜின் நன்றாகக் குளிரும், எங்கே என்ன கழன்றது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். பின்சக்கரம் பஞ்சர் ஆனால்தான் அழுகை. இரண்டு செயினையும் தாண்டித்தான் சக்கரத்தை வெளியே எடுக்க வேண்டும்.

கார்டெனிலும் ஏ.வி.யிலும் சத்தமும் புகையும் பின்னாலேயே போய்விடும். முகத்தில் சுத்தமான காற்று. கால் முன் அச்சு வரைக்கும் நீள, தரையை ஒட்டி, ஒரு ஓடத்துக்குள் படுத்தாற்போல் உட்கார்ந்து போகலாம். இன்ஜின் எடை இழுக்கும் சக்கரத்தின் மேலேயே இருப்பதால் ஈரச் சாலையில் பிடிமானமும் உண்டு. ஆனால் காற்றில் குளிரும் இன்ஜினைக் காற்று படாத இடத்தில் வைத்தால் மேட்டில் என்ன ஆகும் என்பதை மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தனி ஆளாகப் பார்த்தால் என் ஓட்டு ஏ.வி.க்குத்தான். மார்கன் சிறந்த இயந்திரம், ஆனால் அதன் ஒற்றை இருக்கை வடிவம் இன்னொருவருக்கு இடம் விட மறந்த இரண்டு இருக்கை வண்டி மாதிரி இருக்கிறது. 1914 கார்டென் நல்ல யோசனை, நோஞ்சான் இன்ஜின். ஏ.வி.தான் ஒரே ஓர் உடம்பைச் சுற்றி அளவெடுத்துத் தைத்தது.

பர்ஸ் பேசும்போது

1921 ஜனவரியில் புது வாகன வரி வந்தது. காருக்கு, ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு. அந்தக் குதிரைத்திறன் இன்ஜினின் உண்மையான பலம் கிடையாது. சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் வைத்துப் போடும் காகிதக் கணக்கு. 85 மில்லிமீட்டர் துளையுள்ள பெரிய வி-ட்வினுக்கு அந்தக் கணக்கில் 9 பவுண்டு வரும். ஆனால் 8 ஹண்ட்ரட்வெய்ட்டுக்குள், அதாவது சுமார் 406 கிலோவுக்குள் இருக்கும் மூன்று சக்கர வண்டிக்கு மோட்டார் சைக்கிள் இனத்தில் சேர்த்து வெறும் 4 பவுண்டு.

இந்த ஒரு வரி ஏ.வி.யின் கழுத்தைப் பிடித்தது. ஓர் ஆள் போகும் காகிதக் காராகவே இருந்தாலும் சக்கரம் நான்கு, அதனால் அது கார். இரண்டு பேர் போகும் மார்கன், சக்கரம் மூன்று, அதனால் சலுகை. பத்து வருடத்துக்கு முன் மார்கன் எடுத்த முடிவுக்கு அரசாங்கம் வந்து வட்டி கட்டியது.

1922-இல் ஆஸ்டின் செவன் வந்தது. நாலு சிலிண்டர், தண்ணீரில் குளிரும் இன்ஜின், நாலு சக்கரத்திலும் பிரேக், பின்னால் பிள்ளைகளுக்கும் இடம். விலை 165 பவுண்டுக்கு இறங்கியது, வரி 8 பவுண்டு. கயிறும் செயினும் காகிதமுமாக இருந்த நாலு சக்கர சைக்கிள்கார்கள் இரண்டு மூன்று வருடத்தில் துடைத்தெறியப்பட்டன. மூன்று சக்கர மார்கன் மட்டும் வரிச் சலுகை நிழலில் தப்பித்து, 1952 வரை ஓடியது.

அந்த இன்னொருவர்

ஆஸ்டின் வந்துதான் ஒற்றை இருக்கை செத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செய்தவர்களே அதற்கு முன்பு அதை விட்டு ஓட ஆரம்பித்திருந்தார்கள். அந்த இன்னொருவரை எங்கே உட்காரவைப்பது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

பெடெலியாக்காரர்கள் அவரை முன்னால் வைத்தார்கள். ஓட்டுகிறவர் பின்னால். முன்னால் இருந்த விருந்தாளிக்கு வேலையும் உண்டு: ஆரம்பகால வண்டிகளில் கியர் மாற்ற வேண்டுமென்றால் பெல்ட்டை நகர்த்திவிடுவதில் அவரும் கை கொடுக்க வேண்டும். முட்டினால் முதலில் முட்டுவதும் அவர்தான். காதலியை அழைத்துப் போக உகந்த வண்டி என்று எனக்குத் தோன்றவில்லை.

டாம்ப்ளின் அவரைப் பின்னால் வைத்தார். ஸ்டெயின்ஸில் தொடங்கிப் பிறகு சீமுக்குப் போன பட்டறை. 980 சி.சி. ஜே.ஏ.பி., பின்சக்கரத்துக்கு பெல்ட். பின்னால் இருப்பவருக்குத் தெரிவது ஓட்டுநரின் பிடரி மட்டும். பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். கடைசியில் டாம்ப்ளினும் பக்கத்து இருக்கைக்கே வந்தார்.

ஏ.வி.யே 1920-இல் இளகியது. பைகார் என்று முன்பின்னாக இரண்டு பேருக்கு ஒன்று, ரன்அபவுட் என்று பக்கத்தில் பக்கத்தில் இன்னொன்று. அந்த ரன்அபவுட் என்ற பெயரைக் கவனியுங்கள், மார்கன் தன் வண்டிக்கு வைத்த அதே பெயர். கார்டெனின் மூன்றாவது வண்டியிலும் இரண்டு பேர். ஆக, ஒற்றை இருக்கைக் காரை வரைந்தவர், அதை வாங்கித் தயாரித்தவர், இரண்டு பேருமே ஆஸ்டின் கண்ணில் படுவதற்கு முன்பே மனசு மாறிவிட்டார்கள்.

தனியாகப் போகிறவருக்கு மோட்டார் சைக்கிள் ஏற்கனவே இருந்தது, அது இன்னும் மலிவு. மழையில் நனையாமல், காலைப் பரப்பி உட்கார்ந்து போகலாம் என்பதற்காக மட்டும் அதைவிட அதிகம் கொடுக்க எத்தனை பேர் வருவார்கள்? கார் வாங்குகிற மனசு வேறு. தினமும் தனியாகத்தான் போவார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை யாரையாவது ஏற்றிக்கொண்டு போகலாம் என்ற நினைப்புக்குத்தான் காசு கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமையை ஒலிம்பியாவிலேயே புரிந்துகொண்டவர் மார்கன்.

அப்புறம், கார்டென் என்ன ஆனார்? அந்த இரும்புப் பட்டைக்கு வருவோம். 1925-இல் மார்ட்டெல் என்ற ராணுவப் பொறியாளர் தன் வீட்டு கராஜில் ஒரே ஆள் போகும் குட்டி டாங்கி ஒன்றைச் செய்து காட்டினார். கார்டெனும் அவருடைய கூட்டாளி விவியன் லாய்டும் உடனே தாங்களும் ஒன்று செய்தார்கள். அதுவும் ஒற்றை ஆள் வண்டி. சைக்கிள்கார் செய்து பழகிய கைக்கு அது சொந்த ஊர் மாதிரி: சின்ன இன்ஜின், லேசான கூடு, ஓர் உடம்புக்கு அளவெடுத்த இடம். ராணுவம் ஓட்டிப் பார்த்தது. மேடு பள்ளத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டே துப்பாக்கியையும் குறிபார்க்க ஒருவரால் முடியாது என்று திருப்பி அனுப்பியது.

கார்டென் வழக்கம்போல அடுத்த வரைபடத்துக்குப் போனார். 1928-இல் லாய்டோடு நடத்திய கம்பெனியை விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங்ஸ் என்ற ஆயுதக் கம்பெனிக்கு விற்றார், இந்த முறை தானும் கூடவே போனார். 1931-இல் குடும்பப் பட்டம் கைக்கு வந்து சர் ஜான் ஆனார். 1935 டிசம்பரில் சர்ரேயின் டாட்ஸ்ஃபீல்ட் அருகே பெல்ஜிய விமானம் ஒன்று விழுந்தபோது அதில் இருந்தார், 43 வயது. அதற்குள் அவருடைய குட்டி டாங்கி ரஷ்யா, போலந்து, இத்தாலி என்று பல நாடுகளில் பிரதி எடுக்கப்பட்டிருந்தது. அப்படிப் பரவிய மாடல் மார்க் ஆறு. நடுவே ஃபோர்டு டி மாடல் இன்ஜின். அதற்கு இந்தப் பக்கம் ஓட்டுகிறவர், அந்தப் பக்கம் சுடுகிறவர். இரண்டு இருக்கை, பக்கத்தில் பக்கத்தில்.